அறுபத்தொன்று

மாற்றல் உத்தரவு வந்த அன்றே
தண்ணீர் எப்படி என்று விசாரித்தான் ஏகநாதன்.
நான் ஆரணியில் உட்கார்ந்தபடி
செல்போனில் அயனாவரத்தை விரித்து விரித்து
மாநகராட்சிப் பள்ளிகளை மட்டும்
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"கரண்ட் ஆபீஸ்ல வேலை, ரெண்டு சம்பளம்,
பிள்ளையப் போயும் போயும்..."
நாத்தனார் முடிக்கவில்லை.
மாசம் பிறந்தால் வருகிற அரசாங்கச் சம்பளம் மட்டும்
எங்கள் வீட்டில் யாருக்கும் கசந்ததில்லை.

புரோக்கர் பாக்கர் ஸ்கூட்டியில் முன்னால் போனார்.
ஒவ்வொரு வாசலிலும் ஒரே பல்லவி:
"பக்கத்துல ஸ்கூல் கிடையாதும்மா, சத்தமே வராது."
ஆறு வீடு.
ஆறிலும் சத்தம் வரவில்லை.
பேர்போன ஒரு தனியார் பள்ளியின் மதிலை ஒட்டிய தெருவில்
அதே பத்துக்குப் பத்துக் கூடத்துக்கு
நாலாயிரம் கூட.
"சீட்டும் சேர்த்தா?" என்றேன்.
"சீட்டு தனிம்மா" என்றார், சிரிக்காமல்.

நோட்டிலிருந்த முதல் பள்ளியின் எதிரே
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம்.
இரண்டாவதில் புது பெயின்ட், சுவரெல்லாம் யானை, ஒட்டகம்,
பூட்டிய கழிப்பறை.
சாவி யாரிடம் என்று
மூன்று பேர் மூன்று பேரைக் காட்டினார்கள்.

ரீடிங் எடுத்துப் பழகிய கண் எனக்கு.
மனுஷரைப் பார்ப்பதற்கு முன் மீட்டரைப் பார்ப்பேன்.
இங்கே ஏசி ஓடுகிறது,
இங்கே மகன் ஊருக்கு வந்திருக்கிறான்,
இங்கே இரண்டு மாதமாக யாருமில்லை.
மூன்றாம் பள்ளியின் மீட்டரில்
சிவப்புப் பொட்டு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது.
ஃபேன் சுற்றுகிறது, சரி.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்தது, உள்பக்கமாக.
முழங்காலில் மஞ்சள் மருந்து பூசிய ஒரு பொடியன்
"யாரப் பாக்கணும்?" என்று வழிமறித்தான்.

கேள்விகளோடுதான் போனேன்.
இங்கிலீஷ் யார் எடுக்கிறார்கள், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து,
மழைக்கு லீவு விட்டால் எப்படிச் சொல்வார்கள்.
தலைமையாசிரியை சாந்தகுமாரி என்னை முந்திக்கொண்டார்:
"எத்தனாவது?"
"மூணு."
பதிவேட்டில் விரல் வைத்துக் கூட்டினார்.
மறுபடி மேலிருந்து கூட்டினார்.
"அறுபது பேர் இருக்காங்க.
ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி கணக்கெடுப்பாங்க.
அறுபத்தொண்ணுன்னா மூணு டீச்சர்.
அறுபதுன்னா ரெண்டு."

ஜன்னல் வழியே அந்த மூணாவது டீச்சர் தெரிந்தார்.
தரையில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார்.
அவர் நாற்காலியில்
பல் விழுந்த ஒருத்தி கால் ஆட்டிக்கொண்டு
சத்தமாக எதையோ வாசித்தாள்.
பேர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஐந்நூறுக்கு மேல் ஒரே ஒரு யூனிட்,
பில்லே மாறிவிடும் என்று
எத்தனை வாசலில் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.
ஒண்ணே ஒண்ணுதானேம்மா என்பார்கள்.

ஏழாவது வீட்டை நானே பார்த்துவிட்டேன்.
பள்ளிக்குப் பின்சந்து, இரண்டாம் மாடி,
அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.
லாரி நுழையாத சந்து.
பாக்கர் தயங்கினார்:
"பின்னாடி குறை சொல்லக் கூடாதும்மா.
இங்க சத்தம் வரும்."

மாடிப்படியில் நின்று ஏகநாதனை அழைத்தேன்.
பள்ளியைச் சொன்னேன், டீச்சரைச் சொன்னேன்,
வாடகையையும் பத்து மாத அட்வான்ஸையும் சொன்னேன்.
"தண்ணி?"
"கீழேருந்து தூக்கணும்."
அவன் பேசவில்லை.
சாப்பாட்டு மணி அடித்தது, காதுக்குள் அடித்த மாதிரி.
அறுபது தட்டு ஒன்றாகக் கிளம்புகிற இரைச்சல்.
அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டான்:
"எத்தனை குடம்?"